கல்லறைக்காரனுக்கு வம்சம் இருக்கு, கப்பல்ல போனவளுக்கு?

இந்தப் பதிவு கொஞ்சம் சூடாத்தான் இருக்கும். முன்னாடியே சொல்லிட்டேன், அப்புறம் யாரும் கோச்சுக்கக் கூடாது.

பழவேற்காடு பயணப் பதிவுன்னு ஒரு வகை உண்டு. நம்மாளுங்க எழுதினதுல எப்படியும் ஒரு இருபது படிச்சிருப்பேன். எல்லாத்துலயும் ஒரே வரிசைதான். காலங்காத்தால சென்னையிலருந்து வண்டி, ஏரியில படகு, தூரத்துல பூநாரை, மதியம் இறால் வறுவல், சாயங்காலம் டச்சுக் கல்லறை. வாசல்ல இருக்கிற ரெண்டு எலும்புக்கூடு சிற்பத்துக்குப் பக்கத்துல நின்னு ஒரு போட்டோ. உள்ள போனா கருங்கல்லுல குடும்பச் சின்னம், கப்பல், பூவேலைப்பாடு. "நம் மண்ணில் உறங்கும் டச்சுக் குடும்பங்கள்" அப்படின்னு ஒரு தலைப்பு. கடைசியில, எங்கயோ பிறந்து எங்கயோ வந்து செத்த அந்த மனுசங்களுக்காக ஒரு பெருமூச்சு.

பெருமூச்சு விடறதுல எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லை. இருபத்தி சொச்சம் வயசுல காலராவிலயும் பிரசவத்துலயும் செத்தவங்க யாரா இருந்தாலும் பாவம்தான். என் கேள்வி வேற. இந்தக் குடும்பங்களோட கதையை எழுதும்போது கதையில பாதி ஆளை எங்க விட்டீங்க?

விஷயத்துக்கு வர்றேன். டச்சுக்காரங்க (ஈழத்து நண்பர்களுக்கு ஒல்லாந்தர்) 1610ஆம் வருசம் வாக்குல பழவேற்காட்டுல கடை போட்டாங்க. போர்த்துகீசியர் 1612ல வந்து அடிச்சு நொறுக்க, 1613ல ஒரு கோட்டையைக் கட்டினாங்க. பேர் கெல்டிரியா. அப்போ இங்க தலைமையா இருந்த வெம்மர் ஃபான் பெர்க்கமோட சொந்த மாகாணம் கெல்டர்லாந்து, அந்தப் பேரு. 1690 வரைக்கும் சோழமண்டலக் கரையில அவங்களோட தலைமையிடம் அதுதான். அப்புறம் நாகப்பட்டினம் போச்சு. 1781ல இங்கிலீஷ்காரன் நாகையைப் பிடிச்சதும் மறுபடி பழவேற்காடு. கடைசியா 1824 ஒப்பந்தப்படி 1825ல எல்லாத்தையும் இங்கிலீஷ்காரன் கையில குடுத்துட்டு மூட்டையைக் கட்டினாங்க. நடுவுல சதுரங்கப்பட்டினம், தூத்துக்குடி, அந்தப் பக்கம் இலங்கையில காலி 1640, கொழும்பு 1656, யாழ்ப்பாணம் 1658. ஆக மொத்தம் ரெண்டு நூற்றாண்டுக்கு மேல. நமக்கு அவங்க விட்டுட்டுப் போனதா தினமும் பயன்படுத்துறது ரெண்டே ரெண்டு வார்த்தை: துட்டு, கக்கூஸ். ரெண்டுமே டச்சு. (யாழ்ப்பாணத்துக்காரங்களுக்குக் கூடுதலா கந்தோரும் லாச்சியும் கிடைச்சது. குடுத்து வச்சவங்க.)

ரெண்டு நூறு வருசம் இருந்தவங்களுக்குக் குடும்பம் இல்லாமலா இருக்கும்? இருந்துச்சு. அந்தக் குடும்ப வரலாறை எழுதினவங்க ரொம்ப சிரத்தையா எழுதியிருக்காங்க. அதையும் ஒத்துக்கணும். மெட்ராஸ் மாகாணத்துல இருக்கிற டச்சுக் கல்லறைகளையும் கட்டடங்களையும் பத்தி அலெக்சாண்டர் ரியா 1897லயே புத்தகம் போட்டாரு. இலங்கையில லியோபோல்ட் லுடோவிசி அதுக்கும் இருபது வருசம் முன்னாடி, 1877ல, கல்லறை வாசகம் எல்லாத்தையும் தொகுத்தாரு. அப்புறம் 1908ல கொழும்புல டச்சு பர்கர் யூனியன்னு ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. ஆர். ஜி. ஆந்தனிஸ்ஸ்னு ஒரு ஆவணக் காப்பாளர் அதுக்கு முன்னணியில நின்னாரு. அந்தச் சங்கத்தோட பத்திரிகையில குடும்பம் குடும்பமா வம்சாவளி. இன்னாருக்கு மகன் இன்னார், ஞானஸ்நானம் எந்தத் தேதி, கல்யாணம் எந்தத் தேவாலயம், அடுத்த தலைமுறை யாரு. படிச்சா பொறாமையா இருக்கும். நம்ம வீட்டுல தாத்தாவுக்கு அப்பா பேருக்கு மேல யாருக்காச்சும் தெரியுமா?

சரி, அந்தச் சங்கத்துல சேர என்ன தகுதி? டச்சுக் கம்பெனி வேலையில இலங்கைக்கு வந்த ஐரோப்பியனோட வம்சத்துல, அப்பா வழியில வந்திருக்கணும். அப்பா வழி. இதை ரெண்டு தடவை படிங்க. அம்மா யாருன்னு யாரும் கேக்கலை. கேட்டா கட்டடமே ஆடும்.

ஏன்னா கப்பல்ல வந்தவன் எல்லாம் ஆம்பளை. ஹாலந்துலருந்து பொண்ணுங்க வந்தது ரொம்பக் கம்மி. சிப்பாய், தச்சன், குமாஸ்தா, பீப்பாய் செய்யறவன்னு வந்தவங்க கட்டிக்கிட்டது இங்கத்திப் பொண்ணுங்களை. பாதிரியார் கல்யாணம் பண்ணி வைக்கணும்னா பொண்ணு கிறிஸ்தவளா இருக்கணும். அதனால முதல்ல ஞானஸ்நானம், கையோட ஒரு புதுப் பேரு. மரியா, கேத்தரினா, டொமிங்கா. பல பேர் அடிமையா இருந்து விடுதலையாகி அப்புறம் கல்யாணம் ஆனவங்க. ஆசியப் பெண்ணைக் கட்டினவன் பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டு ஊர் திரும்பக் கூடாதுன்னு கம்பெனியே சட்டம் வச்சிருந்துச்சு. ஆக, குடும்பம்னு ஒண்ணு இங்கயே வேர் விட்டதுக்குக் காரணமே அந்தப் பொண்ணுங்கதான். ஆனா வம்ச மரத்துல அவங்க இடத்துல ஒரு ஞானஸ்நானப் பேரும் ஒரு கோடும் மட்டும். சில இடத்துல அந்தக் கோடு கூட இல்லை.

பொட்டி தட்டுறவன் பாஷையில சொல்றதா இருந்தா, டேபிள்ல அப்பா ஐடி கட்டாயம், அம்மா ஐடி 'நல்' ஆனாலும் பரவாயில்லைன்னு டிசைன் பண்ணி வச்சிருக்காங்க. அந்த டேட்டாவை வச்சுக்கிட்டு எத்தனை ரிப்போர்ட் எடுத்தாலும் வெள்ளைக்கார வம்சம்னுதான் வரும். க்வெரி மேல தப்பு இல்லை மக்கா, டிசைன் மேலதான்.

இதுல ஒரு தமாஷ் இருக்கு. பர்கர் குடும்பங்கள்லயே உலகத்துக்கு ரொம்பத் தெரிஞ்ச பேரு ஒந்தாச்சி. ஆமா, நாவலாசிரியர் மைக்கேல் ஒந்தாச்சி குடும்பம்தான். அவங்க வம்சத்தோட மூல புருசன் ஆம்ஸ்டர்டாம்லயிருந்து வரலை. நம்ம தஞ்சாவூர்ப் பக்கத்துலருந்து போன ஒரு வைத்தியர். 1659ல டச்சு கவர்னர் வீட்டுக்கு வைத்தியம் பார்க்கக் கொழும்பு போனவரு அங்கயே தங்கி, மதம் மாறி, குடும்பம் நடத்தினாரு. 'ஒந்தாச்சி'யை டச்சு எழுத்துல எழுதப்போய் வாயில நுழையாத மாதிரி ஆகிப்போச்சு. அந்த வம்சத்துல 1758ல கொழும்புல பிறந்த குயின்ட் ஒந்தாச்சி படிக்க ஹாலந்து போனாரு. போனவரு சும்மா இருந்தாரா? உட்ரெக்ட் நகரத்துல ராஜகுடும்பத்துக்கு எதிரான தேசபக்தர் இயக்கத்துக்கே தலைவர் ஆனாரு. ஹாலந்து அரசியல் வரலாற்றுப் புத்தகத்துல இடம் பிடிச்ச தஞ்சாவூர் ரத்தம். நம்ம பாடப்புத்தகத்துல இவரைப் பத்தி ஒரு வரி? நான் பத்தாவதும் பன்னெண்டாவதும் மதுரையில படிச்சவன், என் கண்ணுல படலை.

ஒந்தாச்சி கதை சந்தோஷமான கதை. வைத்தியரா, மரியாதையா, கூப்பிட்டுப் போனவரு. மத்தவங்க எப்படிப் போனாங்கன்னு சொல்றேன், இறால் வறுவலைக் கொஞ்ச நேரம் ஓரமா வைங்க.

கம்பெனிக்கு இங்கருந்து துணி வேணும். அது எல்லாருக்கும் தெரியும், எல்லாப் பதிவுலயும் இருக்கு. அதே கப்பல்ல ஆளும் வேணும். 1619ல பத்தாவியாவை (இன்னைக்கு ஜகார்த்தா) உருவாக்கிட்டாங்க, அங்க வேலை செய்ய ஆள் இல்லை. இலங்கையைப் பிடிச்சாங்க, அங்கயும் ஆள் வேணும். ஆளை எங்க வாங்கறது? எங்க பஞ்சம் வருதோ, எங்க படையெடுப்பு நடக்குதோ அங்க. மழை பொய்க்கும், நெல்லு விலை ஏறும், மனுச விலை இறங்கும். கம்பெனி ஏஜென்ட் துறைமுகத்துல காத்துக்கிட்டு இருப்பான். அவங்களுக்கு அது சரக்கு வரத்து நல்லா இருக்கிற சீசன். அம்புட்டுதான்.

மார்க்கஸ் விங்க்னு ஒரு வரலாற்று ஆய்வாளர் 2003ல கம்பெனி ஆவணங்களை வச்சு இந்தக் கணக்கைத் தொகுத்து எழுதினாரு. 1622-23ல பழவேற்காடு, தேவனாம்பட்டினம் மாதிரி துறைமுகங்கள்லருந்து சுமார் 1,900 பேர். 1646ல பத்தாவியாவுக்கு 2,118 பேர். 1659க்கும் 1661க்கும் நடுவுல பிஜப்பூர் படை தஞ்சாவூர்ச் சீமையைச் சூறையாடினப்போ 8,000லருந்து 10,000 பேர், பெரும்பகுதி இலங்கைக்கு. 1694-96ல திரும்பவும் யுத்தம், அப்போ தனியார் கையால இலங்கைக்கு இறக்குமதியானது 3,859 பேர்.

நடுவுல ஒரு வரியை வேணும்னே விட்டேன். அது நம்ம ஊர் கணக்கு. 1673ல மதுரைச் சீமையில வறட்சி. அது வருசக்கணக்கா நீண்டுச்சு. அதே நேரத்துல தஞ்சாவூருக்காக மதுரை நாயக்கருக்கும் மராட்டியருக்கும் இழுபறி. வரி வசூல் வேற கழுத்தை நெரிச்சுது. 1673லருந்து 1677க்குள்ள மதுரைக் கடற்கரையிலருந்து மட்டும் டச்சுக் கம்பெனி ஏத்தின ஆளுங்க 1,839 பேர்.

நான் உக்காந்து இதை எழுதுற கே.கே. நகர், அண்ணா நகர், மாட்டுத்தாவணி, வண்டியூர்க் கண்மாய்னு இந்தப் பக்கம் பூரா அன்னைக்கு வயக்காடும் கண்மாயும்தான். கண்மாய் காஞ்சா சோறு இல்லை. கிழக்காம போனா ராமநாதபுரம், தெற்க போனா தூத்துக்குடி. அந்த 1,839 பேர்ல இந்த வைகைக் கரை ஆள் எத்தனைன்னு கணக்குல இல்லை. அவங்க ஊர் பேரைக் கேட்டு எழுதணும்னு அந்தக் குமாஸ்தாவுக்கு என்ன தலையெழுத்து?

இங்கதான் எனக்குக் கோவம் வருது, டச்சுக்காரன் மேல மட்டும் இல்லை. அன்னைக்கு மதுரையை ஆண்டது சொக்கநாத நாயக்கர் (1659-1682). நம்ம ஊர்ல நாயக்கர்னாலே மஹால், தெப்பக்குளம், சித்திரைத் திருவிழான்னு ஒரே புல்லரிப்பு. எனக்கும் புல்லரிக்கும், இல்லைன்னு சொல்லலை. ஆனா அந்தப் பஞ்சத்துல பிள்ளைகளைக் கூட்டிட்டுக் கரைக்குப் போனது ஹாலந்துக்காரன் இல்லை. தரகன் நம்ம ஆளு. வித்தவன் நம்ம ஆளு. சண்டை போட்டு ஊரைக் காலி பண்ணினவனும் நம்ம ஆளு. பெத்தவங்களே வித்ததும் உண்டு, அவங்களைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வரலை. டச்சுக்காரன் துறைமுகத்துல துட்டோட நின்னான். ரெண்டு கையும் சேர்ந்துதான் ஓசை வந்துச்சு.

அதனாலதான் நாம பேசறது இல்லைன்னு நான் நினைக்கிறேன். வெள்ளைக்காரன் மட்டும் வில்லன்னா நாம எப்பவோ பத்து சினிமா எடுத்திருப்போம்.

டச்சுக்காரன் எடுத்துட்டுப் போன எதைப் பத்தி நாம பேசறோம்னு பாருங்க. திருச்செந்தூர்க் கோயில் கதை சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 1648 வாக்குல டச்சுக்காரன் கோயிலைப் பிடிச்சு வச்சிருந்து, கிளம்பும்போது முருகன் சிலையைக் கப்பல்ல ஏத்திட்டான், கடல் கொந்தளிச்சுது, பயந்து சிலையைக் கடல்ல போட்டான், வடமலையப்பப் பிள்ளை 1653ல தேடி எடுத்து வந்தாருன்னு தல வரலாறு சொல்லுது. ரெண்டாவது, ஆனைமங்கலச் செப்பேடு. நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்துக்குச் சோழர் குடுத்த தானத்தைப் பத்தின செப்பேடு, கடைசியில போய்ச் சேர்ந்தது ஹாலந்துல லைடன் பல்கலைக்கழகம். "எங்க செப்பேட்டைத் திருப்பிக் குடு"ன்னு எத்தனை பதிவு, எத்தனை கையெழுத்து இயக்கம். கேக்க வேண்டியதுதான், நானும் கையெழுத்துப் போட்டவன்தான். ஆனா பாருங்க, சிலைக்குத் தேடிப் போக ஆள் இருந்துச்சு. செப்பேட்டுக்குக் கேக்க ஆள் இருக்கு. 1,839 உசிருக்கு?

"போனவங்க போயிட்டாங்க, பேரும் தெரியாது, என்னத்தைத் தேடறது?"ன்னு கேப்பீங்க. சில பேரோட பேரு தெரியும். ஒரே ஒரு ஆளைப் பத்தி மட்டும் சொல்றேன்.

பேரு கேத்ரைன். ஆவணத்துல க்ரூட்டெ கேத்ரைன் ஃபான் பாலியாகட்டா. க்ரூட்டென்னா பெரிய. பாலியாகட்டான்னா நம்ம பழவேற்காடு. பழவேற்காட்டுப் பெரிய கேத்ரைன். பெத்தவங்க வச்ச பேரு என்னன்னு யாருக்கும் தெரியாது. 1630 வாக்குல பிறந்திருக்கலாம்னு கணக்கு. பத்தாவியாவுல ஒரு வீட்டுல அடிமை. தன்னை அடிச்ச ஒருத்தனைத் திருப்பி அடிச்சா, அவன் செத்துட்டான். மரண தண்டனைன்னு தீர்ப்பாச்சு, அப்புறம் அதைக் குறைச்சு ஆயுசுக்கும் நாடு கடத்தல்னு மாத்தினாங்க. 1657ல ஆப்பிரிக்காவோட தென்கோடி, நன்னம்பிக்கை முனைக்கு அனுப்பினாங்க. டச்சுக்காரன் அங்க குடியேறி அஞ்சு வருசம்தான் ஆயிருந்துச்சு. அங்க துணி துவைக்கிற வேலை. ஒரு சிப்பாய் மூலமா ஒரு பையன் பிறந்தான், கிறிஸ்டோஃபெல் ஸ்னைமன். 1671ல, அவளை மாதிரியே அடிமையா வந்து விடுதலையான வங்காளத்துக்காரர் அந்தோனியைக் கல்யாணம் பண்ணிக்கிட்டா. பையன் வளர்ந்து, பிரான்ஸ்லருந்து அகதியா வந்த ஹ்யூகனாட் குடும்பத்துப் பொண்ணைக் கட்டினான். இன்னைக்குத் தென்னாப்பிரிக்காவுல ஸ்னைமன்னு பேர் வச்ச வெள்ளைக்கார ஆஃப்ரிகானர் குடும்பங்கள் ஏகப்பட்டது. ஒரு காலத்துல நிறம் பார்த்துப் பார்க் பெஞ்சைப் பிரிச்ச நாடு அது. அந்த வம்சத்துக்கு ஆணிவேர் பழவேற்காட்டுல பிறந்த ஒரு பொண்ணு.

அவளைத் தேடிக் கண்டுபிடிச்சது யாரு? தென்னாப்பிரிக்காக்காரங்க. அவங்க கோர்ட்டு ஆவணத்தையும் சர்ச்சு ரிஜிஸ்டரையும் புரட்டிப் புரட்டி எழுதியிருக்காங்க. பழவேற்காட்டுக்கு வருசத்துக்கு நாலு தடவை போற நம்மாளுங்க பதிவுல அவ பேர் ஒரு தடவை வந்து நான் பார்க்கலை.

அந்த 'ஃபான்' விஷயம் ஒண்ணு. டச்சுல 'ஃபான்'னா 'இன்ன ஊர்க்காரன்'னு அர்த்தம். ஃபான் லாங்கன்பெர்க், ஃபான் டெர் போர்ட்டன்னு பர்கர் பேரைப் படிக்கும்போது ஏதோ ஜமீன்தார் மாதிரி நமக்குத் தோணும். கேப் டவுன், பத்தாவியா அடிமைப் பட்டியல்லயும் அதே 'ஃபான்'தான்: ஃபான் கோரமண்டல், ஃபான் மலபார், ஃபான் பெங்கால். முன் பேருக்கு ஜனவரி, செப்டம்பர்னு மாசத்துப் பேரு, இல்லைன்னா கிரேக்கச் சாமி பேரு. அவனுக்கு அது ஊர்ப் பெருமை. இவளுக்கு அது எந்தக் கரையில வாங்கின சரக்குன்னு ஒட்டின சீட்டு.

கொழும்புல கொம்பனித் தெருன்னு ஒரு இடம் இருக்கு, போனவங்களுக்குத் தெரியும். அந்தப் பகுதிக்கு இங்கிலீஷ்ல ரொம்ப காலம் என்ன பேர் தெரியுமா? 'ஸ்லேவ் ஐலண்ட்'. அடிமைத் தீவு. கம்பெனி அடிமைகளை ராத்திரி வச்சுப் பூட்டின இடம். பஸ்ஸுல கண்டக்டர் கூவுற பேராவே ஆகிப்போச்சு, கேட்டவனுக்கு ஒண்ணும் உறைக்கலை.

இப்ப வழக்கமா வர்ற கேள்விகளுக்கு வர்றேன். எப்படியும் வரும், அதனால நானே சொல்லிடறேன்.

"அந்தக் காலத்துல எல்லாரும்தான் அடிமை வச்சிருந்தாங்க, டச்சுக்காரனை மட்டும் ஏன்?" டச்சுக்காரனை மட்டும் சொல்லலையே, நம்ம தரகனையும் நாயக்கரையும் மேலயே சொல்லிட்டேன். 1687 செப்டம்பர்ல மெட்ராஸ் செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலருந்து இங்கிலீஷ்காரன் ஏத்தினது 665 பேர், அதையும் சேர்த்துக்கோங்க. அப்புறம், 1707ல டச்சுக்காரன் யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் தொகுத்து எழுதின தேசவழமையில அடிமைகளுக்குன்னே தனிப் பகுதி இருக்கு. கோவியர், சாண்டார், பள்ளர், நளவர்னு சாதிப் பேரோட. அதைச் சரிபார்த்து ஒத்துக்கிட்டது யாழ்ப்பாணத்து முதலியார்கள். ஊருக்குள்ள சாதி வச்சு அடிமை, கரைக்கு வெளிய பஞ்சம் வச்சு அடிமை. எல்லாரும் பண்ணினாங்கங்கிறது எல்லாரையும் பேசறதுக்குக் காரணம், யாரையும் பேசாம இருக்கறதுக்கு இல்லை.

"பர்கர் ஜனங்க என்ன பாவம் பண்ணினாங்க?" ஒண்ணும் பண்ணலை. 1956ல சிங்களம் மட்டும்னு சட்டம் வந்தப்போ, இலங்கையில வேலை போய், மரியாதை போய், மெல்போர்னுக்குக் கப்பலேறினவங்க அவங்க. தமிழனுக்கு அந்த வலி புரியாம இருந்தா வேற யாருக்குப் புரியும்? அவங்க பேரன் பேத்தி தாத்தாவுக்குத் தாத்தாவைத் தேடறது நியாயமான ஆசை. நான் சொல்றது அந்தத் தேடல் அப்பா பக்கம் மட்டும் போய் நின்னுடக் கூடாதுன்னுதான். அம்மா பக்கம் போனா அது எங்க ஊருக்கு வந்து சேரும். வரட்டுமே, காபி போட்டுக் குடுப்போம்.

"டச்சுக்காரன் ஆவணம் வச்சிருந்ததாலதானே உனக்கே இது தெரியுது?" ரொம்பச் சரி. அவன் கணக்கு வச்சான். மொளகு மூட்டையை எண்ணின அதே பேனாவால ஆளையும் எண்ணினான். அதுக்கு நன்றி சொல்லணுமான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. ஆனா எண்ணி வச்சதைப் படிக்காம இருக்கறது நம்ம தப்புதானே?

ஹாலந்துல இதைப் பேச ஆரம்பிச்சாச்சு. 2022 டிசம்பர் 19ல அப்போதைய பிரதமர் மார்க் ருட்டே அடிமை வியாபாரத்துக்காக அரசு சார்புல மன்னிப்புக் கேட்டாரு. 2023 ஜூலை 1ல மன்னர் வில்லம் அலெக்சாண்டரும் கேட்டாரு. ருட்டே பேச்சுல ஆசியாவும் வந்துச்சு. கம்பெனி ஆதிக்கத்துல இருந்த ஆசியப் பகுதிகள்ல 6,60,000லருந்து பத்து லட்சத்துக்கும் மேல ஆளுங்க விலைக்குப் போனாங்க, சரியான எண்ணிக்கை கூடத் தெரியலைன்னு அவரே சொன்னாரு. சுரினாம்ல இதை வரவேற்றாங்க, திட்டினாங்க, போதாதுன்னு சண்டை போட்டாங்க. ஏதோ ஒண்ணு பண்ணினாங்க. பத்தாவியாவுக்கு ஆள் அனுப்பின கரை நம்ம கரை. அன்னைக்கு ராத்திரி நம்ம சேனல்ல என்ன விவாதம் ஓடிச்சுன்னு எனக்கு ஞாபகம் இல்லை, இது இல்லைன்னு மட்டும் ஞாபகம் இருக்கு.

வீட்டுல ஒரு வேலை ஆரம்பிச்சேன். எங்க குடும்பத்து வம்ச மரத்தை ஒரு செயலியில ஏத்தலாம்னு. அப்பா வழியில ஆறு தலைமுறை விறுவிறுன்னு வந்துருச்சு, குலசாமி கோயில் பூசாரியே பாதி சொல்லிட்டாரு. அம்மா பக்கம் வந்ததும் படுத்துருச்சு. அப்பத்தாவோட அம்மா பேரு என்னன்னு அப்பாகிட்ட கேட்டா, "மேலூர்க்காரின்னு சொல்லுவாங்க"ங்கிறாரு. மேலூர்க்காரி. டச்சுல எழுதினா ஃபான் மேலூர். சித்தப்பாவுக்குப் போன் போட்டேன், அதே பதில். ஒரு கப்பலும் ஏறாம, சொந்த ஊர்ல, சொந்தப் பேரன் வீட்டுலயே பேரைத் தொலைச்ச பொம்பளை. இதுக்கு எந்த வெளிநாட்டுக்காரனைத் திட்டறது? "அதெல்லாம் எதுக்குடா இப்ப"ன்னு அத்தை கேட்டாங்க. அவங்க பேரு என் பேரன் எழுதப் போற மரத்துல இருக்கணுமா வேணாமான்னு திருப்பிக் கேட்டேன். போனை வச்சுட்டாங்க.

சரி, உருப்படியா ஏதாவது சொல்லுன்னா சொல்றேன். பழவேற்காட்டுக் கல்லறை தொல்லியல் துறை பாதுகாப்புல இருக்கு. அங்க ஒரு பலகை, தமிழ்ல, இந்தக் கரையிலருந்து அடிமையா ஏத்தப்பட்டவங்களைப் பத்தி நாலு வரி. அதுல கேத்ரைன் பேரும். அதே மாதிரி ஒண்ணு நாகப்பட்டினத்துல, ஒண்ணு தூத்துக்குடியில. மதுரையில மஹாலுக்குள்ள ஒளியும் ஒலியும் போடறவங்க 1673 பஞ்சத்துக்கு ரெண்டு நிமிசம் ஒதுக்கினா டிக்கெட் விலை ஒண்ணும் ஏறிடாது. இதுக்கெல்லாம் கோடிக்கணக்குல பட்ஜெட் வேணாம், ஒரு பெயின்டரும் ஒரு அதிகாரியோட கையெழுத்தும் போதும். (ரெண்டாவதுதான் கஷ்டம், தெரியும்.)

நம்ம கையில இருக்கிற வேலை இன்னொண்ணு. ஹாலந்து தேசிய ஆவணக் காப்பகம் கம்பெனி ஆவணங்களை ஸ்கேன் பண்ணி இணையத்துல போட்டிருக்கு. லட்சக்கணக்கான பக்கம். கையெழுத்தை மெஷினே படிச்சு டெக்ஸ்ட்டா மாத்தின பதிப்பும் வந்தாச்சு, வார்த்தை அடிச்சுத் தேடலாம். சிக்கல் என்னன்னா நம்ம ஊர்ப் பேரை அந்தக் குமாஸ்தாக்கள் ஆளுக்கொரு விதமா எழுதியிருக்காங்க. பழவேற்காடு, தூத்துக்குடி, காயல்பட்டினம், வேம்பார், மணப்பாடு, தேவனாம்பட்டினம், ராமநாதபுரத்துக் கரை ஊர்கள், இதுக்கெல்லாம் எத்தனை எழுத்துக்கூட்டல் இருக்கோ அத்தனையையும் ஒரு பட்டியலா போட்டாத்தான் ஒழுங்காத் தேட முடியும். நான் ஒரு ஃபைல் ஆரம்பிச்சிருக்கேன், இப்போதைக்குப் பதினோரு ஊர் இருக்கு. டச்சு தெரிஞ்சவங்க, நெய்தல் ஊர்க்காரங்க, பழைய வரைபடம் பார்த்துப் பழகினவங்க யாரா இருந்தாலும் ஒரு வரி எழுதிப் போடுங்க. ஃபைலை அப்படியே அனுப்பி வைக்கிறேன்.